ரக்னிக்கு ஒரு பொறுப்புக் குழு

என் மகள் ரக்னியின் கவனக்குறைவு வருகிற ஜூலை பதினொன்றாம் தேதியோடு முடிவடைகிறது என்று அரசாங்கம் எங்களுக்குத் தெரிவித்தது. அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. சிறுவர் மனநலப் பிரிவின் கணக்குப்படி பதினெட்டு வயதுக்கு மேல் யாருக்கும் ஏடிஎச்டி என்கிற இந்தக் கவனக்குறைவு நோய் கிடையாது. அதற்கப்புறமும் வேண்டும் என்று அடம்பிடித்தால், பெரியவர் மனநலப் பிரிவுக்குப் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு பிரிவும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு குரல் கொடுத்தால் முடிகிற காரியம். கொடுக்கமாட்டார்கள். குரல் கொடுப்பதற்கு அங்கே யாருக்கும் உத்தரவு இல்லை.

என் பெயர் ஒட்வார். வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவான ஸ்கார்வோயில் டயர் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் சமையல் வேலை, மாதத்தில் பாதி நாள் அங்கேதான். மீதியை எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மீதி என்றால் ரக்னி. சின்ன வயதிலேயே வீட்டில் ஓரிடத்தில் இருக்கமாட்டாள் என்று மற்றப் பிள்ளைகளைவிட ஒரு வருஷம் முன்னாடியே பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். அங்கேயும் ஓரிடத்தில் இருக்கவில்லை. வெண்ணெய் எடுக்கப் போவாள், பிரிட்ஜ் திறந்தே கிடக்கும், வெண்ணெய் குளியலறையில் இருக்கும், அவள் வாசலில் யாருடைய நாய்க்கோ முள் எடுத்துக்கொண்டிருப்பாள். பஸ் கம்பெனியில் தொலைந்த பொருள் வைக்கிற அலமாரியில் அவளுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் விறகு வெட்டப் போய்த் தன் காலையே வெட்டிக்கொண்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரத்தம், ரத்தம்" என்று சொல்லிக்கொண்டு விறகுக்கட்டையைச் சுற்றி வந்தேன். ரக்னிதான் என் பெல்ட்டை உருவி அவர் தொடையில் இறுக்கிக் கட்டினாள். ஆம்புலன்ஸ் படகு எந்தத் துறைக்கு வரவேண்டும், அலை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று போனில் நிதானமாகச் சொன்னாள். என்னைப் பார்த்து, "அப்பா, நீ போய்க் காபி போடு, யாருக்கும் வேண்டாம், ஆனா போடு" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

அப்போதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. ட்ரொம்சோ நகரத்தில் ஆம்புலன்ஸ் மருத்துவப் படிப்பு. ஆகஸ்டில் ஆரம்பம். சேர வேண்டுமென்றால் கையில் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஏடிஎச்டி உள்ளவருக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால், சிகிச்சை தொடர்கிறது, ஓட்டலாம் என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். சிறுவர் டாக்டர் சொல்லமுடியாது, ஏனென்றால் லைசென்ஸ் வாங்கும்போது அவள் சிறுமி இல்லை. பெரியவர் டாக்டர் சொல்லமுடியாது, ஏனென்றால் கேட்கும்போது அவள் பெரியவள் இல்லை. ஆகவே பெரியவர் பிரிவு அவளை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுக்காகத்தான் நகராட்சி எங்களுக்கு ஒரு பொறுப்புக் குழு அமைத்துக் கொடுத்தது.

முதல் கூட்டம் அக்டோபரில், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தது. மேஜை நடுவில் கட்டம் கட்டமாக வார்த்த வாஃபிள் அப்பம், ஜாம், பழுப்புச் சீஸ். வாஃபிள் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் உதவி செய்ததாகச் சரித்திரமே இல்லை. நகராட்சி ஒருங்கிணைப்பாளர் வென்கே அரை மணி தாமதமாக வந்தார். அதே அறையை அவரே இன்னொரு பொறுப்புக் குழுவுக்கும் கொடுத்துவிட்டாராம். பிறகு சிறுவர் பிரிவு உளவியலாளர் ஸ்டைனார், பள்ளி ஆலோசகர் ஈடுன், வேலைவாய்ப்பு அலுவலகத்து ட்ரிக்வே. பெரியவர் பிரிவு டாக்டர் சூல்ஃப்ரிட் திரையில் வந்தார். திரையில் என்றால் தூரத்திலிருந்து இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கழுத்தை லேசாகத் திருப்பினால் ஆளையே பார்க்கலாம். நேரில் வந்தால் ரக்னியைச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தமாகிவிடும் என்று வென்கே விளக்கினார்.

முதலில் அறிமுகச் சுற்று. ஸ்டைனாரும் ட்ரிக்வேயும் இருபது வருஷமாக ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். ஈடுன் ஸ்டைனாரின் தங்கை. இருந்தாலும் ஆளாளுக்குப் பெயர், பதவி, இன்றைய மனநிலை எல்லாம் சொன்னார்கள். கூட்டத்தில் பாதி அதிலேயே தீர்ந்தது.

அப்புறம் வென்கே என் பக்கம் திரும்பினார். "பாருங்க ஒட்வார், பொறுப்புங்கறது ஒரே ஆள் தலையில கட்டற மூட்டை இல்ல. அதனாலதான் குழு. இங்க எல்லாருக்கும் பொறுப்பு உண்டு. எல்லாருக்கும் இருக்கறதால, ஒண்ணுமே நடக்கலைன்னா கூட யார் மேலயும் பழி விழாது. அந்த நிம்மதி இருந்தாதான் மனுஷன் மனசு விட்டு வேலை பாப்பான்."

"சரி," என்றேன். "இவளை எடுத்துக்கோங்கன்னு சூல்ஃப்ரிட்கிட்ட யார் கேக்கறது?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரை எங்களைப் பார்த்தது.

"நான் இங்க பார்வையாளர் மட்டும்தான்," என்றார் சூல்ஃப்ரிட். "நீங்க பேசறது எனக்குக் கேக்குது. ஆனா முறைப்படி கேட்டாதான் கேட்டதா ஆகும்."

"அடுத்த கூட்டத்துல முறைப்படி கேட்டுடலாம்," என்றார் ஸ்டைனார். எல்லோருக்கும் திருப்தி.

மீதி நேரத்தில் ரக்னிக்குப் பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ட்ரிக்வே கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை நீ எங்க பாக்கற?"

"ட்ரொம்சோல. ஆம்புலன்ஸ்ல."

"ம்ம். அதுல எப்படி?"

"முன் சீட்டுல," என்றாள் ரக்னி. "பின்னாடி படுத்துக்கிட்டு இல்ல."

"பெரியவங்களாகறதுன்னா என்ன தெரியுமா?" என்று ட்ரிக்வே ஆரம்பித்தார். "ஒரு விஷயத்தைப் பிடிச்சா அதுலயே நிக்கணும். நடுவுல வேற எது வந்தாலும்..." அவர் போன் அடித்தது. பழைய பனி ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். எழுந்து வராந்தாவுக்குப் போனவர் வாஃபிள் ஆறினபிறகுதான் திரும்பினார். எதிலேயே நிற்க வேண்டும் என்பதை அப்புறம் சொல்லவே இல்லை.

ஸ்டைனார் விட்ட இடத்தைப் பிடித்தார். "ரக்னி, உன்கிட்ட மூணு பலம் இருக்கு. முதலாவது..." ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்கழுகு தாழப் பறந்து போனது. எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். சூல்ஃப்ரிட்கூட அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடியதில் திரையில் காலி நாற்காலி தெரிந்தது. அறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது ரக்னி ஒருத்திதான்.

"முதலாவது என்ன?" என்று கேட்டாள்.

"எது முதலாவது?" என்றார் ஸ்டைனார்.

இப்படியே குளிர்காலம் போனது. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி கண்டுபிடிப்பதே பெரிய வேலை. ஒருத்தருக்குப் பனிச்சறுக்கு, ஒருத்தருக்குப் பயிற்சி முகாம். முறைப்படி கேட்பது நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருக்கும், கடைசிக்கு யாரும் வந்து சேரமாட்டார்கள். ரக்னிக்கு உதவிக் கருவி ஒன்று வந்தது: நேரம் ஆனதும் கூவுகிற கடிகாரம். பேட்டரி இல்லை. பேட்டரி வேறு துறையாம். நூலகத்தில் கவனத்தை ஒருமுகப்படுத்தும் வகுப்புக்கு அனுப்பினார்கள். நடத்துகிறவர் மறந்துவிட்டதால் முதல் வகுப்பு நடக்கவில்லை. ரக்னியும் மறந்துபோய் அங்கே போகவில்லை, இரண்டு பேரும் சரிக்குச் சரி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, அவள் போய்க் குளிரில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"போனதை ஏண்டி சொல்லல?"

"அங்க ஆள் இல்லைன்னதும், நான்தான் தப்பான நாள்ல வந்துட்டேன்னு நெனச்சேன் அப்பா," என்றாள். "எப்பவும் நான்தானே."

எனக்கு அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைப் போய் அடிப்பது? பொறுப்புதான் எல்லோரிடமும் இருக்கிறதே.

ஈஸ்டர் வந்தது. ஈஸ்டருக்கு ஊரே மலைக்குடிலுக்குப் போய்விடும். உயிர் போகிற காரியமாக இருந்தாலும் ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார்கள். வென்கே திரும்பி வரவில்லை. மருத்துவ விடுப்பு. எல்லோருக்கும் பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுத்துக் கொடுத்து அவர் களைத்துவிட்டாராம்.

இப்போது சிக்கல். ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் குழு கூட முடியாது. புது ஒருங்கிணைப்பாளரைக் குழு கூடித்தான் நியமிக்க முடியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. நகராட்சிக்கும் சிறுவர் பிரிவுக்கும் நான் மாறி மாறி நடந்தேன். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ட்ரிக்வே. கடைக்கே வந்து சொன்னார், முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சட்டம் என்ன சொல்லுது? உதவி வாங்கறவங்களுக்கே முடிஞ்ச அளவு பங்கு கொடுக்கணும். முடிஞ்ச அளவுன்னா எவ்வளவு? அதுக்கு எல்லையே போடல. ஸோ, ரக்னியே ஒருங்கிணைப்பாளரா இருக்கலாம்."

"யாரோட குழுவுக்கு?"

"ரக்னியோட குழுவுக்கு."

"அவளால ஒருங்கிணைக்க முடியலைன்னுதானேய்யா குழு போட்டீங்க?"

"அதான். பெரியவங்க வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கெடைக்குமா?" ட்ரிக்வே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது லேப்டாப்பை டயர் அடுக்கின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

ரக்னியிடம் சொன்னேன். சிரிப்பாளா, அழுவாளா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கால் வெட்டுப்பட்ட அன்றைக்கு இருந்த முகம் வந்தது.

"அப்பா, கூட்டத்தை உன் கடையில வெச்சுக்கலாமா?"

ஏப்ரல் கடைசி. பனிக்காலத்து ஆணி டயரைக் கழற்ற ஊரே என் வாசலில் வரிசை கட்டி நிற்கிற சமயம். அதற்கு நடுவில் பொறுப்புக் குழு வந்து சேர்ந்தது. சூல்ஃப்ரிட்டை என் கடைத் தொலைபேசியின் ஸ்பீக்கரில் போட்டாள் ரக்னி. நாற்காலி ஒன்றுகூட இல்லை. சிமெண்டுத் தரை, லிஃப்டில் தூக்கிய கார், காற்றுத் துப்பாக்கி நட்டு கழற்றும் சத்தம்.

"அறிமுகச் சுற்று?" என்றார் ஈடுன்.

"நீங்க ஈடுன். நான் ரக்னி. முடிஞ்சுது."

"வாஃபிள் கிடையாதா?" என்றார் ஸ்டைனார், நிஜமான கவலையோடு.

"கம்ப்ரெஸர் பின்னாடி வார்த்துக்கிட்டிருக்கேன். வேலையை முடிச்சவங்களுக்குத்தான். நாளைக்குச் செய்றேன்னு யாரும் சொல்லக்கூடாது. நாளைக்குன்னா எனக்கு மறந்துடும். உங்களுக்கும் மறந்துடும், எனக்குத் தெரியும். இப்பவே. இங்கயே. ஈடுன், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேக்கணும்னு அக்டோபர்ல சொன்னீங்க. போன் பண்ணுங்க."

"இப்பவா?"

"வேற எப்ப?"

ஈடுன் போன் பண்ணினார். கிடைத்தது. ஆறு மாதமாக இழுத்த காரியம் ஒரு காரின் பின்சக்கரம் கழற்றுவதற்குள் முடிந்தது. ட்ரிக்வே ட்ரொம்சோவில் தங்க இடம் பேசி முடித்தார். முடித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "பதினேழு வருஷ சர்வீஸ்ல," என்றார், "கூட்டத்துக்குள்ளயே ஒரு வேலையை முடிச்சது இதுதான் முதல் தடவை." ஸ்டைனார் சூல்ஃப்ரிட்டிடம் முறைப்படி கேட்டார். முறைப்படி பரிசீலிக்கிறேன் என்றார் சூல்ஃப்ரிட், ஸ்பீக்கரில்.

எல்லோருக்கும் வாஃபிள் வந்தது. கரிந்து போயிருந்தது. வாஃபிள் கல்லைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறாள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அன்று மாலை அவள் சோபாவில் விழுந்தவள், காலணியைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாருமே இல்லை.

ஸ்கார்வோய் நகராட்சிக்கு இப்போது தலைகால் புரியவில்லை. ரக்னி முறை என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து நகராட்சிகளிலிருந்து ஆட்கள் வந்து என் கடையில் நின்றபடி கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர்கூட டயர் மாற்றிக்கொள்ளவில்லை.

மே மாத ஆரம்பத்தில் சூல்ஃப்ரிட்டே போன் பண்ணினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன், ரக்னி பக்கத்தில் இருந்தாள்.

"நல்ல சேதி," என்றார். "ரக்னிக்கு நாங்க தேவையே இல்ல."

"புரியல."

"நாலு அலுவலகத்தை ஒரே ஆளா நடத்தியிருக்காங்க. ஸ்டைனார் எழுதியிருக்கார், ட்ரிக்வே எழுதியிருக்கார். எங்க பிரிவு ஆட்களாலயே அது முடியாது, நானே ஒத்துக்கறேன். இவ்வளவு நல்லா செயல்படற ஒருத்தரை நோயாளியா சேர்த்தா அது அவங்களையே அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். நான் அதைச் செய்யமாட்டேன்."

"மாத்திரை? லைசென்ஸு?"

"நோய் இல்லாதவங்களுக்கு எதுக்கு மாத்திரை?"

"அப்ப லைசென்ஸ் ஆபீஸ்ல நோய் இல்லன்னு சொல்லிடுங்க."

"அதெப்படி? அவங்களுக்கு ஏடிஎச்டி இருக்கே. சிறுவர் பிரிவு எழுதியிருக்காங்க."

நான் ஸ்டைனாரிடம் ஓடினேன். அவர் கண்ணில் நீர். "ஒட்வார், அவ எங்களோட வெற்றி. வெற்றியை நோயாளின்னு நாங்களே எப்படி எழுதறது? அப்புறம் எங்ககிட்ட வெற்றின்னு காட்ட என்ன இருக்கு?"

வீட்டுக்கு வந்தேன். ரக்னி சமையலறையில் நின்றிருந்தாள். பிரிட்ஜ் திறந்திருந்தது. மூடினேன்.

"நான் சொதப்பினப்பல்லாம், மனசு வெச்சா உன்னால முடியும்னாங்க," என்றாள். "மனசு வெச்சு செஞ்சேன். இப்ப, உனக்குத்தான் ஒண்ணும் இல்லையேங்கறாங்க. அப்பா, எனக்கு இனிமே எதையாவது நல்லா செய்யவே பயமா இருக்கு."

பதினேழு வயசுப் பெண் சொல்கிற வார்த்தையா இது? நான் டயர்க்காரன். பஞ்சர் என்றால் ஒட்டிவிடுவேன். பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அதற்குள் நகராட்சி, மே பதினேழாம் தேதி, தேசிய நாளன்று, மேடையில் ரக்னிக்கு "ஆண்டின் ஒருங்கிணைப்பாளர்" விருது கொடுப்பதாக அறிவித்தது. பூங்கொத்து கொடுக்கப் போவது டாக்டர் சூல்ஃப்ரிட். போக வேண்டாம் என்றேன் நான். எண்ணெய் மேடையிலிருந்து போனில் அவள் அம்மா, "போனா போற எடத்துல பூங்கொத்தாலயே ஒண்ணு போடு அந்த டாக்டரை" என்றாள். ரக்னிதான், "கேக் இருக்கும்பா, போலாம்" என்றாள்.

அன்றைக்கு ஆலங்கட்டி மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மே பதினேழுக்கு அது நல்ல வானிலை. குழந்தைகள் கொடியோடு ஊர்வலம் போனார்கள், கிழவர்கள் ஐஸ்கிரீம் தின்றார்கள். பெண்கள் எல்லோரும் கம்பளிப் பாவாடையும் வெள்ளி ஆபரணமுமாகப் பாரம்பரிய உடையில். சூல்ஃப்ரிட் மார்பில் அவ்வளவு வெள்ளி, அவர் மூச்சு விட்டாலே கிணுகிணுத்தது. விடுப்பிலிருந்து அன்றைக்கென்று வந்த வென்கே, பழக்கதோஷத்தில் கூட்டக் குறிப்பு எழுதத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ரக்னி காலையிலேயே அவள் அம்மாவின் உடையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

மேயர் பேசினார். "கவனக்குறைவு என்பது குறையே அல்ல, சரியான நிர்வாகம் இருந்தால் அது ஒரு சேமிப்பு என்று இந்தப் பெண் நிரூபித்திருக்கிறாள். ஒரு ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் மிச்சம். அடுத்த ஆண்டு இதை இன்னும் பல பிள்ளைகளுக்கு விரிவுபடுத்துவோம். மேடைக்கு வா, ரக்னி!"

ரக்னி வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட பேண்டு ஒரு மார்ச் வாசித்தது. அதையே திரும்ப வாசித்தது, அவர்களுக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். சூல்ஃப்ரிட் பூங்கொத்தோடு மேடை நடுவில் நின்றார். ஆலங்கட்டி பூவிலும் விழுந்தது, வெள்ளியிலும் விழுந்தது. நான் ரக்னிக்குப் போன் பண்ணினேன். அது என் சட்டைப் பையிலேயே அடித்தது. காலையில் கொஞ்சம் பிடி என்று கொடுத்தவள், வாங்கிக்கொள்ளவில்லை.

பேண்டு ஐந்தாவது முறை வாசித்துக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது, முன்பக்கம் டீசல் கறை, ஒரு காலில் காலணி இல்லை. வழியில் ஆம்புலன்ஸ் படகு நின்றிருக்கிறது. ஸ்ட்ரெச்சரை எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரே ஒரு நிமிஷம் பார்க்கப் போயிருக்கிறாள்.

மேடை ஏறினாள். கூட்டத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். "இன்னிக்கா?" என்றாள்.

சூல்ஃப்ரிட்டுக்குப் பொறுமை போய்விட்டது. மைக் அவர் கழுத்துக்கு நேரே இருந்தது, அவர் அதை மறந்துவிட்டார்.

"இன்னிக்கான்னா கேக்கற? ஊரே நிக்குது. ஒரு எடத்துக்குக் கெளம்பினா அந்த எடத்துக்கு வந்து சேரத் தெரியாதா? நேரம்னா என்னன்னு தெரியாதா? போன் எங்க? செருப்பு எங்க? கூப்பிட்டா காதுல விழாதா? கண்ணுல பட்டதுக்குப் பின்னாடியெல்லாம் ஓடறதா? உனக்கு என்ன ஆச்சும்மா, உடம்புக்கு ஏதாவதா?"

ஸ்பீக்கரில் அது எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வந்தது. நான் கீழே நின்றபடி கேட்டேன்: "டாக்டர், இன்னும் ஏதாவது இருக்கா? வென்கே, எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களா?"

வென்கே தாளைத் தூக்கிக் காட்டினார். அவர் வேலையில் நான் பார்த்த முழுமையான குறிப்பு அதுதான். சூல்ஃப்ரிட் மைக்கைப் பார்த்தார். பிறகு ரக்னியின் ஈரக்காலைப் பார்த்தார். என்ன இருந்தாலும் படித்தவர், தான் சொன்னது ஒவ்வொன்றும் அந்த நோயின் அறிகுறி என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே பெரியவர் பிரிவு ரக்னியை ஏற்றுக்கொண்டது. முதல் சந்திப்பு, லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று, மாத்திரை, எல்லாம் ஒரே நாளில். தேதி ஜூலை பதினொன்று, காலை ஒன்பது மணி.

"அது கோடை விடுமுறையாச்சே, நாடே மூடியிருக்குமே?" என்றேன்.

"எங்க கம்ப்யூட்டர் கொடுத்த தேதி. அது தப்பு பண்ணாது," என்றார்கள்.

ஜூலை பதினொன்று வந்தது. ரக்னி முந்தின நாளே கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள், கதவில் எழுதி வைத்திருந்தாள், என் கையிலும் எழுதி வைத்திருந்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மருத்துவமனை வாசலில் நின்றாள். இரண்டு காலிலும் காலணி. பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடவில்லை.

கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இந்தப் பிரிவும் காலி, நடுக்கதவுக்கு அப்பால் அந்தப் பிரிவும் காலி. ஆகஸ்டு பாதியில்தான் திறப்பார்கள். அதற்குள் ட்ரொம்சோவில் அவள் இடம் வேறு யாருக்காவது போயிருக்கும். நான் கதவை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினேன். ரக்னி என் கையைப் பிடித்தாள். இன்னொரு கையால் போனை எடுத்தாள். இந்தத் தடவை அது அவளிடமே இருந்தது.

நெடுநேரம் அடித்தபிறகு சூல்ஃப்ரிட் எடுத்தார். பின்னால் ஓடைச் சத்தம், மலைக்குடில்.

"டாக்டர், ரக்னி பேசறேன். வாசல்ல நிக்கறேன்."

எதிர்முனையில் அடுப்பில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கா?" என்றார் சூல்ஃப்ரிட்.

"ஆமா. பரவாயில்ல, போனை மட்டும் வெச்சுடாதீங்க. அப்புறம் பண்றேன்னு சொல்லாதீங்க, மறந்துடும். இப்பவே, நான் லைன்லயே இருக்கேன். கம்ப்யூட்டர் இருக்கா? குடில்லயா, கார்லயா? போய் எடுத்துட்டு வாங்க. வழியில வேற எதையும் பாக்காதீங்க."

எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு முறை அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போகப் பார்த்தார், ரக்னி விடவில்லை. மருத்துவமனைப் படியிலேயே நாங்கள் உட்கார்ந்திருக்க, லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று போனது, மாத்திரைச் சீட்டு போனது. பால் பொங்கி வழிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

எல்லாம் முடிந்ததும் சூல்ஃப்ரிட்டின் குரல் இறங்கியிருந்தது. "என்னமோ தெரியல, ரக்னி. தேதி மனசுல நிக்கவே இல்ல. இந்த வருஷம் பூரா இப்படித்தான் இருக்கு."

"பயப்படாதீங்க," என்றாள் என் மகள், அந்த ஆம்புலன்ஸ் குரலில். "உங்களுக்கு ஒரு பொறுப்புக் குழு போட்டுடலாம். ஆகஸ்டு வரைக்கும் நான் வேணா ஒருங்கிணைக்கறேன்."